அமானுஷ்யக் கதையில் காதலர்கள் செத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 24. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறேன். வழியில் கைப்பேசியில் நாவல் படிப்பதுதான் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு. ஆயா சொன்ன பேய்க் கதைகளில் வளர்ந்தவன் என்பதால் அமானுஷ்யம் எதுவானாலும் விடமாட்டேன். நான் தன்பாலீர்ப்பாளன்; வீட்டில் தெரியாது, இரண்டு நண்பர்களுக்குத் தெரியும். பேயும் வேண்டும், இரு ஆண்களின் காதலும் வேண்டும் என்று தேடிப் படித்தால், முக்கால்வாசிக் கதைகளில் கடைசியில் ஒருவன் செத்துவிடுகிறான். அதன்பின் மூன்று நாள் மனது சரியில்லாமல் போகிறது. உங்களுக்குப் பிடித்தவற்றைச் சொல்லுங்கள், அம்மா. தமிழில் ஏதும் உண்டா? நூலகத்தில் இப்படிப்பட்ட புத்தகம் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பேய்க் கதையில் யாரும் சாகக் கூடாது என்பது, கல்யாண வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்பதைப் போலத்தானே! மறுமுறை படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. ஆயா சொன்ன கதைகளில் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள், அவற்றைக் கேட்டு நீங்கள் மூன்று நாள் வாடியிருக்கமாட்டீர்கள். இங்கே வாடுகிறீர்கள் என்றால், அந்த இருவரும் ஒருவரையொருவர் விரும்பியதற்கே அந்தச் சாவு தண்டனையாக வந்ததுபோல் உங்களுக்குப் பட்டிருக்கிறது. பல புத்தகங்களைப் பொறுத்தவரை நீங்கள் உணர்ந்தது சரிதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நீங்கள் அன்றாடம் போய்வரும் சாலையிலிருந்தே தொடங்கலாம். ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமென்று சொல்லும் சட்டத்தைப் புதுச்சேரியை ஆண்ட பிரான்சு 1791இலேயே கைவிட்டுவிட்டது. கடலூரை ஆண்ட ஆங்கிலேயர்களோ 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தை இயற்றியபோது 377ஆம் பிரிவை அதில் சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகே அந்தச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துக் கூடுவது குற்றமாகாது என்று தீர்ப்பளிக்கும் வரை அந்தப் பிரிவின் பிடி முழுதாகத் தளரவில்லை. புதுச்சேரி மட்டும் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை; ஊர் வாய்க்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. ஆனால் சட்டம் மிரட்டும் நாட்டில் எழுதுகிறவர், சொல்ல வந்ததை வேறொரு வேடத்தில்தான் சொல்வார். ஆங்கில எழுத்தாளர்கள் பலருக்குக் கைகொடுத்த வேடம் பேய்.

அயர்லாந்துக்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1871–72இல் எழுதிய 'கார்மில்லா'வில் இரத்தக்காட்டேரியான ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் காதல் மொழி பேசுகிறாள். டிராகுலா அச்சுக்கு வந்ததோ 1897இல்தான். ஒரு மனிதப் பெண் பேசியிருந்தால் அக்காலத்தில் அச்சேறியிருக்காத பேச்சு, காட்டேரி பேசியதால் அச்சேறியது; அதற்கு ஈடாக, கடைசியில் அவள் நெஞ்சில் மரமுளை இறங்கியாக வேண்டியிருந்தது. ஆஸ்கார் வைல்டின் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே' 1890இல் வந்தது. மனிதனுக்குப் பதிலாக மூப்படையும் ஓவியம் என்ற மாயத்துக்குப் பின்னால் ஓர் ஓவியனின் ஏக்கத்தை அவர் மறைத்து வைத்தார். அடுத்த ஆண்டு நூலாக வந்தபோது அதை இன்னும் மறைத்தார், அப்படியும் 1895இல் நீதிமன்றத்தில் அந்த நாவலையே அவருக்கு எதிராகப் படித்துக் காட்டினார்கள். இதற்கு நேர்மாறாக, ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் பேயும் மாயமும் இல்லாமல் 'மாரிஸ்' என்ற நாவலை எழுதி, இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாக முடித்தார். மகிழ்ச்சியான முடிவு இருந்தே ஆக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். விளைவு, அந்தக் கையெழுத்துப் படி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் கிடந்து, அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டான 1971இல் வெளிவந்தது. காட்டேரியாக்கிக் கொன்றால் உடனே அச்சிடலாம், உயிரோடு வாழவிட்டால் பெட்டிக்குள் கிடக்க வேண்டும் என்று இருந்த காலத்தின் வாசனை, அந்தக் கட்டாயம் தீர்ந்த பிறகு எழுதப்பட்ட கதைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு மனது சரியில்லாமல் போவது அதனால்தான்.

ஆகவே, பேயும் சாபமும் காதலுக்கு இடையூறாக வருகிற கதைகளை நான் தேடிப் படிப்பேன். காதலையே சாபமாக எழுதியிருந்தால், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் பாதியில் மூடி வைத்துவிடுவேன்.

மூன்று நாள் வாடியவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது டி. ஜே. க்ளூன் 2020இல் எழுதிய 'தி ஹவுஸ் இன் த செருலியன் சீ'. நாற்பது வயதான, தொப்பை விழுந்த, ஒரு பூனையோடு தனியாக வாழும் அரசு ஊழியர் ஒருவர், மாயசக்தி படைத்த குழந்தைகள் இருக்கும் தீவு விடுதியைச் சோதனையிட அனுப்பப்படுகிறார். அங்குள்ள ஆறு குழந்தைகளில் ஒருவன் சாத்தானின் மகன், வயது ஆறு. அறிக்கை எழுதப் போனவர் விடுதிப் பொறுப்பாளர் மீது மெல்ல மெல்லக் காதல் கொள்கிறார். இதில் யாரும் காதலுக்காகச் சாவதில்லை. சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் பேசும் சில இடங்களில் நான் பக்கங்களைத் தள்ளியிருக்கிறேன்.

அதே ஆசிரியர் 2021இல் எழுதிய 'அண்டர் த விஸ்பரிங் டோர்' எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஈவிரக்கமற்ற வழக்கறிஞர் ஒருவர் மாரடைப்பில் செத்து, இறந்தவர்களை மறுகரைக்கு அனுப்பி வைக்கும் ஒருவர் நடத்தும் தேநீர்க் கடைக்கு வந்து சேர்கிறார். ஒருவருக்கு உயிருண்டு, இன்னொருவருக்கு இல்லை; அதனால் ஒருவரையொருவர் தொடக்கூட முடியாது. தொட முடியாத இந்தத் தூரத்தை வைத்தே ஆசிரியர் காதலை வளர்த்துக்கொண்டு போகும் விதம் அருமை. முடிவில் தன் உலகத்தின் விதிகளை அவரே கொஞ்சம் தளர்த்திவிட்டார் என்பது என் குறை, ஆனால் உங்களுக்கு அது குறையாகத் தெரியாது. இதில் தற்கொலை பற்றிய பகுதிகள் உண்டு. மனம் தளர்ந்திருக்கும் நாளில் எடுக்க வேண்டாம்.

ஏய்டன் தாமஸ் எழுதிய 'செமட்ரி பாய்ஸ்' 2020இல் வந்த இளையோர் நாவல். ஆவிகளை அனுப்பி வைக்கும் குடும்பத்தில் பிறந்த திருநம்பி ஒருவன், தன்னை ஆணாக ஏற்கத் தயங்கும் குடும்பத்துக்குத் தன் சக்தியை நிரூபிக்கச் சடங்கு செய்கிறான். அழைத்த ஆவி வராமல் வேறொருவனின் ஆவி வந்து, போகமாட்டேன் என்கிறது. இரண்டே நாள் பேருந்துப் பயணத்தில் முடித்துவிடுவீர்கள்.

இவற்றைப் படித்துத் தேறிய பிறகு, என் மனத்துக்கு மிக நெருக்கமான புத்தகத்துக்கு வாருங்கள். ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா' 2022இல் புக்கர் பரிசு பெற்றது. அதன் முந்தைய வடிவம் 2020இல் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் இந்தியாவில் வெளியாகியிருந்தது. 1990இன் கொழும்பு, மாலி அல்மெய்தா ஒரு போர்ப் புகைப்படக்காரன், சூதாடி, ஆண்களை விரும்புகிறவன், கதை தொடங்கும்போதே செத்துப் போயிருக்கிறான். கண் விழித்தால் மேலுலகத்தில் ஓர் அலுவலகம், அங்கேயும் வரிசை, அங்கேயும் தள்ளுமுள்ளு, அங்கேயும் யாருக்கும் பதில் சொல்லாத ஊழியர்கள். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கவும், கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த புகைப்படங்களை உலகத்தின் கண்ணில் படச் செய்யவும் அவனுக்கு ஏழு நிலவுகள் மட்டுமே தவணை. அவன் காதலன் டிடி, அமைச்சராக இருக்கும் ஒரு தமிழரின் மகன். உயிரோடிருந்தபோது மாலி அவனை ஏமாற்றியவன்தான், நல்ல காதலன் என்று சொல்லவே முடியாது. செத்த பிறகு, தன் குரல் கேட்காத அறையில், தன்னைத் தேடி அலையும் அந்தப் பையனின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களில்தான் அவனுடைய காதலின் அளவு அவனுக்கே தெரியவருகிறது. நாவல் முழுவதும் 'நீ' என்று முன்னிலையில் சொல்லப்படுவதால், செத்தவன் நாமோ என்ற குழப்பம் முதல் 50 பக்கங்களுக்கு இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். போரில் செத்த தமிழர்களும் சிங்களர்களும் பேய்களாகக் கூடி வாதாடும் பகுதிகளை இலங்கை நிலவரம் ஓரளவு தெரிந்த தமிழ் வாசகர் படிக்கும்போது உறைப்பதுபோல் வேறு யாருக்கும் உறைக்காது.

கொலைக்கான காரணம் வெளிப்படும்போது, 'நீங்கள் சொன்ன அளவுகோல் இங்கே ஆடுகிறதே, அம்மா' என்று எனக்குக் கடிதம் எழுதத் தோன்றும். எழுதுங்கள். கதைக்குள் ஒரு மனிதன் காதலைத் தண்டிப்பதும், கதையை எழுதுகிறவரே தண்டிப்பதும் ஒன்றல்ல என்பதே என் கட்சி. சற்று அதிகமாகவே சொல்லிவிட்டேன்.

மேட்லின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்' 2012இல் ஆரஞ்சு பரிசு பெற்ற நாவல். கடல் தேவதையின் மகனான அக்கிலீசை பட்ரோக்ளஸ் காதலிக்கிறான், கதையைச் சொல்பவனும் அவனே. கிரேக்கக் கவி ஹோமர் எழுதிய சாவை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் செத்த பின்னும் அவன் குரல் நிற்காமல் தொடர்கிறது. அழத் தயாராக இருந்தால் மட்டும் படியுங்கள். சீனத்தில் மோ ஷியாங் தோங் ஷியூ எழுதிய 'மோ தாவ் சு ஷி'யில், செத்துப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வேறோர் உடலில் எழுந்து வருபவனுக்காக ஒருவன் காத்திருக்கிறான். நாவலில் அது காதல்தான். 2019இல் 'தி அன்டேம்ட்' என்ற தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, தணிக்கைக்குப் பயந்து அதை நட்பாக்கிவிட்டார்கள். நம் நாட்டிலிருந்து இந்திர தாஸ் 2015இல் எழுதிய 'தி டெவவரர்ஸ்' கொல்கத்தாவில் தொடங்கி முகலாயர் காலத்து உருமாறிகளிடம் போகிறது. மொழி அபாரமானது, ஆனால் பாலியல் வன்முறை வெளிப்படையாகவே வருகிறது. காலைப் பேருந்தில் படிக்கும் புத்தகம் அன்று.

தமிழில் பேயையும் காதலையும் தனித்தனியாகத்தான் உங்களுக்குத் தருவேன். பேய்க்கு நீங்கள் ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம். புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான். அவருடைய 'காஞ்சனை'யில், பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை வீட்டுக்காரி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன்பின் கணவனுக்குத் தூக்கம் போகிறது. பேய் உண்டா இல்லையா என்ற கேள்வியைக் கடைசிவரை தொங்கவிடும் அந்தக் கைவண்ணத்தை மேலே சொன்ன எவரிடமும் நான் காணவில்லை. கூவாகத்தையும் அரவானையும் நீங்கள் நினைத்திருக்கலாம். சாகப்போகிறவனுக்காகக் கண்ணனே மோகினியாகி மாலையிட்ட அந்தக் கதை திருநங்கையர் தம்முடையதாகப் போற்றி வருவது. அதை நமக்கு வேண்டியபடி இழுத்துக்கொள்ளாமல் அவர்களுடையதாகவே படிப்பது நல்லது.

புறநானூற்றில் மட்டும் ஓரிடம் சொல்கிறேன். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, உடனிருக்க வந்த பொத்தியாரை, மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்புகிறான். அவர் திரும்பி வரும்போது அரசன் இல்லை, நடுகல் நிற்கிறது. 'எனக்கான இடம் எது?' என்று அவர் அந்தக் கல்லிடமே கேட்கிறார். கல்லான பின்னும் நண்பன் இடம் கொடுத்தான் என்கிறது 223ஆம் பாட்டு. இதை நம் முன்னோர் நட்பு என்றே சொன்னார்கள், நானும் அதைக் காதலென்று திரிக்கப் போவதில்லை. ஆனால் செத்தவனும் இருப்பவனும் இடம் கேட்டு இடம் கொடுக்கும் அந்தக் காட்சியைப் படித்துவிட்டுத் தேநீர்க் கடை நாவலை எடுத்தால், அது வேறு மாதிரி படிக்கும்.

நூலகத்துக்கு வருவோம். 1827இல் தொடங்கிய புதுச்சேரி ரோமன் ரோலண்டு நூலகத்தில் நான் பல ஆண்டுகளாகப் புத்தகம் எடுத்து வருகிறேன். இதை ஏன் படிக்கிறீர்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஏன் தவணை தாண்டிவிட்டது என்றுதான். கதையை விளக்க வேண்டாம். ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால் போதும், புக்கர் பரிசு என்றும் சேர்த்து எழுதினால் மதிப்பாகவே பார்ப்பார்கள். வீட்டில் எப்போது சொல்வது என்பதை எந்த நாவலும் உங்களுக்காக முடிவு செய்ய வேண்டியதில்லை. அது உங்கள் வசதி, உங்கள் நேரம். பேருந்தில் மட்டும் கைப்பேசியின் எழுத்தளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கத் தொடங்கினால், தவளக்குப்பம் தாண்டுவதற்குள் 'அப்புறம் என்ன ஆச்சு தம்பி?' என்று கதை கேட்பார்.