இறைநம்பிக்கையும் கணித நிரூபணமும்: கேள்வி பதில்

இறைநம்பிக்கையும் கணிதச் சிந்தனையும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்க முடியுமா என்பது பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியை ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி (திருவான்மியூர்): அம்மா, நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்காத கணித மனம், நிரூபணமே இல்லாத கடவுளை எப்படி ஏற்கும்? இரண்டில் ஒன்று நடிப்புத்தானே?

பதில்: நடிப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் நம் ஊரில் வாழ்ந்த ஒருவரைப் பாருங்கள். பாரிஸில் புகழ்பெற்ற கணிதர் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்ற சார்லஸ் ரசீன் என்ற இயேசு சபைக் குருவானவர், 1939 முதல் நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். தேர்வில் கேட்கும் கடினமான கணக்குகளைப் போடுவதே கணிதம் என்று எண்ணப்பட்ட அந்நாளில், பிரான்சில் வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தை அவர் இங்குள்ள மாணவர்களுக்குக் காட்டினார். அவரிடம் படித்த சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குச் சென்று, 1965 இல், இன்று அவர்கள் பெயராலேயே வழங்கும் தேற்றத்தை வெளியிட்டார்கள். சேஷாத்ரிதான் பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்தை உருவாக்கியவர். ரசீன் அங்கி அணிந்தவர் என்பதற்காக அவருடைய நிரூபணத்தில் ஒரு வரி விடுபட்டால் யாரும் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. அங்கி அணிந்தவர் என்பதற்காகச் சரியான வரி தவறாகிவிடவும் போவதில்லை.

கணிதர்கள் எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்பவர்கள் என்பதும் வெளியே இருப்பவர்களின் கற்பனை. கணிதக் கூற்றுக்குக் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்க மாட்டார்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தந்ததாக ராமானுஜனே சொல்லியிருக்கிறார். தெய்வம் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

பதில்: ராமானுஜனின் நாமகிரி பக்தி பற்றி அவரை நேரில் அறிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதியிருக்கிறார்கள், அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அவருடைய கணிதம் எப்படி நடந்தது என்பதையும் அருகில் சென்று பாருங்கள்.

ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம்? நான்கை எடுத்துக்கொண்டால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகை. ஒன்பதுக்கு 30 வகை, பதினான்குக்கு 135, பத்தொன்பதுக்கு 490. மக்மஹோன் என்ற ஆங்கிலேயர் 200 வரை இப்படிக் கையால் கணக்கிட்டுத் தந்த அட்டவணையை ராமானுஜன் பார்த்தார். 4 இல் தொடங்கி ஐந்தைந்தாகத் தாண்டிச் சென்றால், கிடைக்கும் ஒவ்வொரு விடையும் ஐந்தால் மீதியின்றி வகுபடுகிறது என்பது அவர் கண்ணில் பட்டது. அட்டவணை முடியும் இடத்தில் அவர் நின்றுவிடவில்லை. முடிவில்லாமல் எங்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு நிரூபணம் எழுதி 1919 இல் வெளியிட்டார். கண்ணில் பட்டது தாயாரின் அருளால் என்று அவர் நம்பியிருந்தால் அது அவருடைய உரிமை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படிப்பவர் நாமகிரியை நம்ப வேண்டியதில்லை. வரிகளைச் சரிபார்த்தால் போதும்.

கேள்வி (வேப்பேரி): நீங்கள் மென்று விழுங்குகிறீர்கள். ராமானுஜன் பகா எண்கள் பற்றிக் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய முடிவு தவறு என்று தெரியவந்ததே! அந்தத் தவறையும் தாயார்தான் தந்தாரா? ஹார்டியே ராமானுஜனைப் பெரிய பக்தராகக் கருதவில்லை.

பதில்: தகவல்கள் சரி. பகா எண்களை ஆராயப் பயன்படும் ஜீட்டா என்ற சார்பு, கலப்பெண்களில் பூச்சியமாகும் இடங்களைக் கணக்கில் கொள்ளாததால் அந்த முடிவு பிழைத்துப்போயிற்று. எல்லாச் சமயங்களும் ஏறத்தாழ ஒரே அளவு உண்மையாகத் தோன்றுவதாக ராமானுஜன் தம்மிடம் சொன்னார் என்று ஹார்டி பதிவு செய்திருக்கிறார். ஆனால் உங்கள் வாதம் மாம்பலத்தாரின் வாதத்தையே தலைகீழாகப் பிடித்திருக்கிறது. சரியான சூத்திரம் தெய்வத்துக்குச் சான்று என்கிறார் அவர். தவறான சூத்திரம் எதிர்ச்சான்று என்கிறீர்கள் நீங்கள். சூத்திரம் எதற்குமே சாட்சி சொல்லவில்லை. எண்ணம் தோன்றிய இடத்துக்கும் அது மெய்யாகும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர்தான் கணிதம்.

கேள்வி (மேற்கு மாம்பலம், மீண்டும்): ஹார்டி நாத்திகர். தம்மைப் போலவே ராமானுஜனையும் கண்டார். அவர் சாட்சியம் செல்லாது.

பதில்: ஹார்டியின் சார்பைக் கழிப்பதானால் பக்தர்களான நண்பர்களின் சார்பையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவது என்ன? கேம்பிரிட்ஜில் நாத்திகப் பேராசிரியரிடம் பேசியபோது ஒரு விதமாகவும், கும்பகோணத்திலிருந்து வந்தவர்களிடம் வேறு விதமாகவும் பேசிய இளைஞர் ஒருவர். யாரிடம் உண்மையைச் சொன்னார் என்று தேடுகிறீர்கள். இரண்டு பேரிடமும் உண்மையையே சொல்லியிருக்கலாம் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? இந்த வழக்கைப் பற்றி வேப்பேரியிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் இன்னும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லாததால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி (அண்ணா நகர்): தருக்கக் கணிதர் கோடலின் முழுமையின்மைத் தேற்றம், அறிவுக்கு எட்டாத ஒன்று உண்டு என்று நிரூபித்துவிட்டதல்லவா?

பதில்: இல்லை. எண்கணிதத்தைச் சொல்லும் அளவுக்கு வலிமையும் முரண்பாடின்மையும் கொண்ட, இயந்திரமும் சரிபார்க்கத்தக்க விதிகளால் ஆன ஓர் அமைப்பில், நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்று ஒன்று இருக்கும் என்பதே கோடல் 1931 இல் காட்டியது. பிரபஞ்சம், ஆன்மா, இறைவன் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மேடையிலும் காணொளியிலும் கோடலை இழுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி (தாம்பரம்): கோடலே கடவுளுக்கு நிரூபணம் எழுதினாராமே? கணினியும் அதைச் சரி என்றதாமே?

பதில்: எழுதினார், 2013 இல் கணினி கொண்டும் சரிபார்த்தார்கள். எடுகோள்களிலிருந்து, அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்டு தொடங்கும் கூற்றுகளிலிருந்து, முடிவு முறையாகப் பின்தொடர்கிறது என்பதைத்தான் கணினி சொன்னது. எடுகோள்கள் உண்மையா என்று அது சொல்லாது, அதற்குச் சொல்லவும் தெரியாது.

கேள்வி (பெரம்பூர்): அப்படியானால் எடுகோள்களும் நம்பிக்கைதானே? கணிதமும் ஒரு மதம்தான்.

பதில்: கேட்கத் தகுந்த கேள்வி, ஆனால் பதில் நீங்கள் எதிர்பார்ப்பது அன்று. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியே அதற்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்னும் யூக்ளிடின் இணைகோட்டு எடுகோளை மறுத்துவிட்டு லோபச்செவ்ஸ்கியும் போயாயும் வேறொரு வடிவியலைக் கட்டினார்கள். யாரும் அவர்களை விலக்கி வைக்கவில்லை. இரண்டு வடிவியலையும் ஒரே ஆசிரியர் ஒரே வாரத்தில் நடத்துகிறார். 'இதை ஏற்றால் இது கிடைக்கும்' என்பதே கணிதரின் வாக்கு. பக்தர் சொல்வது 'இதை ஏற்கிறேன், இதன்படி வாழ்கிறேன்' என்பது. இரண்டும் மோதாமல் ஒரே தலைக்குள் இருக்க முடிவதற்குக் காரணமே, இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்பதுதான்.

கேள்வி (மயிலாப்பூர்): பிரெஞ்சுக் கணிதர் பாஸ்கலின் பந்தயம் சரியான கணிதமா? கடவுளை நம்பினால் ஆதாயம் முடிவிலி, இழப்புச் சிறிது என்கிறாரே.

பதில்: எந்தக் கடவுள் என்று கேட்டதும் பந்தயம் தடுமாறிவிடும். ஒவ்வொரு சமயமும் முடிவிலி ஆதாயம் தருவதாகச் சொன்னால், முடிவிலியையும் முடிவிலியையும் ஒப்பிட்டு எதைத் தேர்வது? பாஸ்கலின் வாதத்தைவிட அவருடைய வாழ்க்கை உங்கள் கேள்விக்கு நல்ல விடை. மற்றொரு கணிதரான ஃபெர்மாவுடன் கடிதம் எழுதி நிகழ்தகவுக்கு அடித்தளம் இட்ட அதே 1654 இல், நவம்பர் 23 இரவில் பெற்ற சமய அனுபவத்தை எழுதிச் சட்டையின் உட்புறம் தைத்து வைத்துக்கொண்டார். அதன்பின் கணிதத்தை விட்டுவிட்டாரா என்றால், உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைகோட்டை 1658 இல் ஆராய்ந்தார்.

கேள்வி (ஆவடி): என் மகன் பெயரில் எழுத்தை மாற்றினால் மதிப்பெண் கூடுமா?

பதில்: கூடாது.

கேள்வி (குரோம்பேட்டை): வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இரண்டும் வேறு வேறு நேரம் காட்டுகின்றன. நம்பிக்கை உள்ளவர் எதைப் பின்பற்றுவது?

பதில்: எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் குடும்பப் பெரியவர்களிடம் கேளுங்கள். கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். சந்திரன் சூரியனிடமிருந்து 12 பாகை விலகினால் ஒரு திதி. 360 பாகைக்கு 30 திதிகள். வாக்கிய முறையினர் சந்திரனின் நிலையை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்தார்கள். ஏனெனில் சந்திரன் பூமிக்கு மிக அருகே வரும் நிலை ஒன்பது முறை சுழன்று வர ஏறத்தாழ 248 நாள் ஆகிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணக்கிடுகிறது. விரதம் இருப்பது பக்தி. திதி எப்போது முடிகிறது என்பது கணக்கு. ஒரே மனிதர் இரண்டையும் செய்வது நம் தெருக்களில் புதிதன்று.

கேள்வி (வடபழனி): கோடல் பற்றி...

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (திருவல்லிக்கேணி): அம்மா, நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா, மாட்டீர்களா? அதைச் சொல்லாமல் நழுவுகிறீர்கள்.

பதில்: நழுவத்தான் செய்கிறேன். நான் சொன்ன மறுநிமிடமே மேலே உள்ள பதில்களை எல்லாம் நீங்கள் ஒரு பக்கமாக வாசிப்பீர்கள்.

கேள்வி (அடையாறு): என் மகள் முதுகலையில் கணிதம் எடுத்ததிலிருந்து எங்களுடன் கோயிலுக்கு வர மறுக்கிறாள். கணிதம்தான் காரணமா?

பதில்: பாடத்திட்டத்தில் அப்படி ஒரு தாள் இல்லை. அவள் வயதில் கோயிலுக்கு வர மறுக்கும் வணிகவியல் மாணவிகளும் உண்டு. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் மார்கழி முழுவதும் விடியலில் கோலம் போட்டுத் திருப்பாவை சொல்லும் கணிதப் பேராசிரியைகளும் உண்டு. காரணத்தை என்னிடம் கேட்பதைவிட அவளிடமே கேளுங்கள். கேட்கும்போது அவள் சொல்வதை இடைமறிக்காமல் முழுவதும் கேளுங்கள்.