பேய் வீட்டைக் காலி செய்யலாமா?

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து முதல் பேய்ப் படத்துக்குக் கதை எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடிபோகிறது. ராத்திரியில் சத்தம் கேட்கிறது. படித்தவர்கள் எல்லாரும் "இதைத்தான் நூறு தடவை பார்த்தாச்சே" என்கிறார்கள். வீட்டைத் தூக்கிவிட்டு வேறு யோசிக்கட்டுமா?

பதில்: வேண்டாம், வீடு இருக்கட்டும். பூட்டிய அறையைக் காட்டியதுமே அரங்கம் பயப்படத் தயாராகிவிடும். விளக்கம் சொல்லும் பத்து நிமிடம் உங்களுக்கு மிச்சம். பழகிய விஷயத்தால் வரும் லாபம் இது. இதை ஏன் விட வேண்டும்?

'யாவரும் நலம்' (2009) படத்திலும் ஒரு குடும்பம் புது வீட்டுக்குத்தான் குடிபோகிறது. ஆனால் அங்கே வில்லங்கம் தொலைக்காட்சித் தொடர் வழியாக வருகிறது. தொடரில் நடப்பதெல்லாம் வீட்டிலும் நடக்க, நாயகன் நாளைய பகுதிக்காகப் பதைபதைத்துக் காத்திருக்கிறான். மெகா சீரியல் ஓடாத வீடே இல்லாத காலத்தில் அந்தப் பயம் எளிதாக ஒட்டிக்கொண்டது.

'பீட்சா' (2012) இன்னும் குறும்பானது. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இருட்டு பங்களா, டார்ச் லைட், தனியாக மாட்டிக்கொண்டவன் என்று எல்லாமே பார்த்துப் பழகியவை. கடைசியில், முதலாளியை ஏமாற்ற நாயகன் கட்டிவிட்ட கதை அது என்று தெரிகிறது. கேட்பவர் நம்புவதற்குத் தோதாக இருந்ததே அந்தப் பழக்கம்தான்! தேய்ந்துபோன சங்கதிகளுக்குக் கதைக்குள்ளேயே ஒரு வேலை கொடுத்த சாமர்த்தியம் அது.

அமெரிக்கப் படமான 'இட் ஃபாலோஸ்' (2014) எளிய விதிகளை வைத்துக்கொண்டது: துரத்துகிற அது நடந்துதான் வரும், எந்த மனித உருவிலும் வரும். அதனால் திரையின் ஓரத்தில் யார் சும்மா நடந்து போனாலும் நமக்குத் திக்கென்கிறது.

உங்கள் கதையில் எனக்குச் சந்தேகம் வீட்டின் மேல் இல்லை, இரண்டாம் பாதியின் மேல்தான். இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக், அதில் அநியாயமாகச் செத்த ஒருவர், பிறகு பழிவாங்கல் என்று வைத்திருந்தால் அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். 'காஞ்சனா'வில் (2011) அது எடுபட்டதற்குக் காரணம், அந்தத் திருநங்கைப் பாத்திரத்தின் வலி. பின்னால் வந்த பலர் வலியை விட்டுவிட்டுச் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கூடவே மல்லிகைப்பூ, கொலுசு, வெள்ளைப் புடவை. பாவம், அந்தப் புடவைக்கு எப்போதுதான் ஓய்வு?

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்று ஒரே வரியில் எழுதுங்கள். முடியாதது எதுவும் இல்லையென்றால் பார்ப்பவர் பதறுவதற்கும் எதுவும் இருக்காது. அடுத்து, இவ்வளவு நடந்தும் அந்தக் குடும்பம் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை? "அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது" என்பதுகூட நல்ல பதில்தான், அந்தக் குடும்பத்தின் கையில் வேறு காசு இல்லையென்றால். பிறகு ஒவ்வொரு பயக் காட்சியையும் எடுத்து, இதை அப்படியே இன்னொரு பேய்ப் படத்தில் செருக முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் திருப்பி எழுதுங்கள். திடீர்ச் சத்தத்தை மட்டும் நம்பிய ஜம்ப் ஸ்கேர்கள் பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும்.

திருத்தியதை இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். "நல்லாருக்கா?" என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் முடிவு தெரிந்துவிட்டது என்று கேளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பியுங்கள்.