ஆறுச்சாமியும் இரண்டு வார ஸ்பிரிண்ட்டும்

அன்புள்ள சார்,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். எங்கள் டீமில் ஆறு பேர். கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள விவசாய வாடிக்கையாளர் பட்டியல்களை ஒன்றாக்கி, யார் எப்போது என்ன விதை வாங்குவார்கள் என்று கணிக்க வேண்டும். ஸ்பிரிண்ட் என்று இரண்டு வாரத் தவணைகளாக வேலை. மூன்று ஸ்பிரிண்ட்டாக நான் இரண்டு பட்டியலின் பெயர்களைப் பொருத்திச் சரிசெய்துகொண்டுதான் இருக்கிறேன். ஸ்டாண்ட் அப் என்ற தினசரிக் கூட்டத்தில் 'நேற்றும் கிளீனிங், இன்றும் கிளீனிங்' என்று சொல்ல வாய் கூசுகிறது. வேலை எதுவரை வந்தது என்று காட்டும் போர்டில் என் டிக்கெட், அதாவது என் வேலைச் சீட்டு, மட்டும் நகர்வதே இல்லை. ஸ்பிரிண்ட் முடிந்ததும் நிறைகுறை பேசும் ரெட்ரோவில் எல்லோரும் 'நல்லாத்தான் போச்சு' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். டேட்டா வேலைக்கு ஸ்பிரிண்ட் ஒத்துவராதா, இல்லை எனக்குத்தான் வேலை தெரியவில்லையா?

ச.

அன்புள்ள ச,

உங்களுக்கு வேலை தெரியும். மூன்று ஸ்பிரிண்ட்டாகப் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தப் பட்டியலைப் பற்றி டீமில் வேறு யாருக்கும் தெரியாதது தெரிந்திருக்கும். அது உங்களோடேயே நின்றுவிடுகிறதே, அதுதான் என் கவலை. ஏன் என்று சொல்ல, நான் அசடு வழிந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் கொச்சியில் ஒரு நிறுவனத்தில் டேட்டா டீம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஏழு பேர். பால் கொள்முதல் கணக்குகளை வைத்து, எந்தப் பால் சங்கத்தில் எப்போது எஸ்.என்.எஃப். குறையும் என்று முன்கூட்டிச் சொல்வது வேலை. உங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள். பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும் இது 8.3 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோல். பால் ஊற்றுகிறவருக்குக் கையில் வரும் காசும் இந்த இரண்டைப் பார்த்துத்தான்.

மூன்று ஸ்பிரிண்ட் உழைத்தோம். கணிக்கும் புரோகிராம், அதாவது மாடல், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொன்னது. முடித்த வேலையைக் காட்டும் டெமோவில் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது எங்கள் டெஸ்டர், மீனாட்சிபுரம் பக்கம் மாடு வைத்திருந்த வீட்டுப் பெண், மெதுவாகக் கேட்டாள். "சார், எஸ்.என்.எஃப்.பை யாரும் அளக்கறதில்லையே? லாக்டோமீட்டர் ரீடிங்கையும் கொழுப்பையும் வச்சு கணக்குப் போட்டு எழுதறதுதானே?"

எனக்கு டீ இறங்கவில்லை. அவள் சொன்னது சரி. இப்போது பல சங்கங்களில் மெஷின் வந்துவிட்டது. எங்களிடம் இருந்த கணக்கு பழைய முறையில் எழுதியது. பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரின் அளவை நாலால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கையும் சின்ன எண் ஒன்றையும் கூட்டினால் எஸ்.என்.எஃப். வந்துவிடும். லாக்டோமீட்டர், கொழுப்பு என்ற அந்த இரண்டு பத்திகளையும் நாங்களே மாடலுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவது பத்தி என்ன என்று கேட்டிருக்கிறோம். சங்கச் செயலாளர் சுவரில் மாட்டி வைக்கும் கணக்கு அட்டையை ஆறு வாரம் செலவழித்துத் திரும்பக் கண்டுபிடித்திருந்தோம்.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "என் டிக்கெட் ஸ்கிரீன் டெஸ்டிங் சார்" என்றாள். கணக்குப் பாருங்கள்: ஆறு வாரத்தில் முப்பது ஸ்டாண்ட் அப். முப்பதிலும் ஏழு பேரும் டிக்கெட் நம்பரைச் சொன்னோம், பாலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏழு பேருக்கு ஏழு வரிசை என்று அந்தப் போர்டை அமைத்தது நான்தான்.

இந்த 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளை, ஸ்பிரிண்ட், ஸ்டாண்ட் அப் எல்லாம் உள்ள ஸ்கிரம் என்ற வேலைமுறையின் கையேட்டை எழுதியவர்களே 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஸ்பிரிண்ட்டில் எவ்வளவு முடியும் என்பதை 'வாக்குறுதி' என்று சொல்லாமல் 'கணிப்பு' என்று 2011லேயே மாற்றினார்கள். நம் ஆபீஸ்களுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. (எனக்கே கொச்சிக் கதைக்கு அப்புறம்தான் சேர்ந்தது.)

சரி, ஸ்பிரிண்ட் ஒத்துவருமா? வரும், டிக்கெட்டில் கேள்வி இருந்தால். 1990களின் கடைசியில் டேட்டா மைனிங்காரர்கள், அதாவது டேட்டாவைத் தோண்டிப் பயனுள்ளதை எடுப்பவர்கள், கிரிஸ்ப்-டிஎம் என்று ஒரு முறை வகுத்தார்கள், ஆறு கட்டங்கள். அந்தப் படத்தில் டேட்டாவைப் புரிந்துகொள்ளும் இடத்திலிருந்து தொழிலைப் புரிந்துகொள்ளும் இடத்துக்கே ஓர் அம்பு திரும்பிப் போகும். போர்டில் அப்படி ஓர் அம்பு கிடையாது, எல்லாம் இடமிருந்து வலம்தான். அதனால்தான் 'கிளீனிங்' என்ற டிக்கெட் அங்கே கிடந்து வாடுகிறது. அதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: 'பெயர், ஊர், போன் நம்பர் மட்டும் வைத்து இரண்டு பட்டியலிலும் உள்ள ஒரே ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? மூன்று நாள்.' முடியாது என்று தெரிந்தாலும் டிக்கெட் முடிந்தது, டெமோவில் அதைக் காட்டலாம். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு வேலைமுறைக்காரர்கள் இதை ஸ்பைக் என்பார்கள்.

கிளீனிங்கைப் பத்துத் துண்டாக வெட்டிப் போர்டில் நகர்த்திக் காட்டும் வித்தை மட்டும் வேண்டாம். நானும் செய்திருக்கிறேன். ஒரு ஸ்பிரிண்ட்டில் எவ்வளவு வேலை முடிந்தது என்று காட்டும் வெலாசிட்டி படம் அழகாக ஏறும், ஆனால் அது வெறும் கணக்கு. நம் சித்தூர்ப்புழைக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர். தண்ணீர்க் கணக்கு வருடம் முடியும் ஜூன் கடைசியில் கணக்கு நேராகியிருக்கலாம், ஆனால் உங்கள் அப்பாவிடம் கேட்டால் கதிர் விடும்போது வந்ததா என்றுதான் சொல்வார்.

ரெட்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேனேஜர் உட்கார்ந்திருக்கும் அறையில் 'என்ன தப்பு' என்று கேட்டால் யார் சொல்வார்கள்? அந்தப் பால் கதைக்குப் பிறகு நான் ஒரே கேள்விதான் வைத்தேன்: 'உனக்குத் தெரிந்திருந்தும் யாரும் கேட்காததால் சொல்லாமல் விட்டது என்ன?' முதல் இரண்டு தடவை எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை ஒருவர் வாயைத் திறந்தார்.

இனி உங்கள் பெயர்கள். நம் பக்கத்து ஆறுச்சாமியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர் 'கே. ஆறுச்சாமி', கே என்பது அப்பா. கேரளப் பட்டியலில் இனிஷியல் பின்னால் போய்விடும், பல சமயம் அது வீட்டுப் பெயரின் முதல் எழுத்தாகவும் இருக்கும். ஆக அவரே 'ஆறுசாமி பி'. இங்கிலீஷில் எழுதும்போது 'ச்சா' எப்படி வரும் என்பது எழுதும் கிளார்க்கின் கையில். இது போதாதென்று தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே வீடு, ஒரே விலாசம், ஒரே போன் நம்பர், இரண்டு ஆறுச்சாமி. எழுத்து ஒற்றுமையைப் பார்த்துச் சேர்க்கும் புரோகிராம் கிழவரையும் காலேஜ் பையனையும் ஒருவராக்கிவிடும், உங்கள் மாடல் அந்தப் பையனுக்கு நிலக்கடலை விதை விற்கும்.

இது உங்கள் டீமில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த ஸ்பிரிண்ட்டில் ஸ்டாண்ட் அப் முடிந்ததும் இருநூறு ஜோடிப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எழுதும் ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரே ஸ்கிரீன். ஒரே ஆள், வேறு ஆள், தெரியவில்லை என்று கையால் குறியுங்கள், சண்டை வரும் இடத்தில் ஏன் என்று எழுதிவையுங்கள். ஒரு நாள் போதும். 'தெரியவில்லை' எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.