ரக்பியில் கிழிந்த முழங்கால் ஜவ்வு: கடன் வாங்கி அறுவை செய்யலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், லெஸ்டரில் வசிக்கிறோம். 20 வயதான என் மகள் பல்கலைக்கழகப் பெண்கள் ரக்பி அணியில் ஆடுகிறாள். ஐந்து வாரங்களுக்கு முன், ஓடும்போது சட்டெனத் திரும்பியதில் முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டது, அன்றிரவே வீங்கிவிட்டது. ஏசிஎல் என்னும், முழங்காலின் நடுவே உள்ள ஜவ்வு முழுவதும் கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் காத்திருக்க வேண்டுமாம். கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையில் உடனே அறுவை செய்துவிடலாமா? மறுபடி ஆட முடியுமா?

பதில்: கடனைச் சற்று நிறுத்தி வையுங்கள். முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீள மறுத்தால், மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டு கிழிந்து இடையில் சிக்கியிருக்கக்கூடும். அப்போது தாமதிக்கக் கூடாது. அப்படி இல்லையென்றால் சில வாரங்கள் பொறுப்பதால் பெரும்பாலும் இழப்பில்லை. வீக்கம் வடியாத, முழுதாக நீளாத முழங்காலில் அவசரமாக அறுவை செய்தால், மூட்டு இறுகிவிடும் அபாயம் கூடுகிறது.

இன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். மகளைப் படுக்கவைத்து, காலை நீட்டச் சொல்லி, முழங்காலின் பின்பக்கம் படுக்கையைத் தொடுகிறதா, மற்றக் காலைப் போலவே நீள்கிறதா என்று பாருங்கள். பிறகு, முழங்கால் சிப்பிக்கு நான்கு விரற்கடை மேலே இரு தொடைகளையும் தையல் அளவு நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். அடிபட்ட தொடை மெலிந்திருக்கும். அந்தத் தசையை மீட்பதுதான் இப்போதைய முதல் வேலை. அறுவைக்குப் பிறகும் அதுவே முதல் வேலை.

அறுவை எல்லோருக்கும் கட்டாயமல்ல. சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த ஒரு ஆய்வின் 2013-இல் வெளிவந்த முடிவுகளில், உடற்பயிற்சி சிகிச்சையுடன் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்தாண்டு கழிந்தும் அறுவை தேவைப்படவில்லை. ஆனால் ரக்பி, ஓடியபடியே திசை மாற்றி, மோதி, விழுந்து எழும் ஆட்டம். அதற்குத் திரும்ப விரும்புவோருக்குத் தசைநாரை மாற்றிப் பொருத்தும் அறுவையையே பொதுவாகப் பரிந்துரைப்போம். அப்படியானாலும் அறுவைக்குப் பின் ஒன்பது மாதங்கள் ஆகும் வரை ஆடுகளம் வேண்டாம். 25 வயதுக்குள் அறுவைக்குப் பின் இத்தகைய ஆட்டத்துக்குத் திரும்புவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ மறுபடி கிழிகிறது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியார் அறுவைக்குப் பல ஆயிரம் பவுண்டுகள் ஆகும். கையிருப்பையெல்லாம் அதில் போட்டுவிட்டு, அடுத்த ஒன்பது மாத பிசியோதெரபிக்குப் பணமின்றிப் பாதியில் விடுவதே எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2025 செப்டம்பரில் லண்டனின் டுவிக்கனம் மைதானத்தில் 81,885 பேர் முன்னிலையில் ரக்பி உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துப் பெண்களுக்கு அணியுடனேயே பிசியோதெரபிஸ்டும் மருத்துவரும் இருக்கிறார்கள். அந்த அணியில் 2019-இல் 28 வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைத்தது. உங்கள் மகளைப் போன்ற மாணவிகள் இந்தச் செலவைப் பெரும்பாலும் தாமே சுமக்கிறார்கள். இது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

எனவே என்.எச்.எஸ். வழியை முழுதாகப் பயன்படுத்துங்கள். இங்கிலாந்தில் முதல் நிபுணர் சந்திப்புக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. காத்திருப்பு குறைவான இடத்துக்கு அனுப்பும்படி உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) கேளுங்கள். அணியின் காப்பீட்டு ஆவணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இத்தகைய காப்பீடுகள் பலவும் நிரந்தர ஊனத்துக்கானவை, ஜவ்வுக் கிழிசலுக்குப் பயன்படாமல் போகலாம்.

பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இருமடங்கோ அதற்கும் மேலோ இருக்கிறது. உடலமைப்பு மட்டுமே காரணமல்ல. குதித்து இறங்கவும், திரும்பவும், மோதவும் சிறுவயதிலிருந்தே முறையாகக் கற்றுத்தரப்படாததும் ஒரு காரணம். ஒழுங்கான தயார்ப் பயிற்சிகள் இக்காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. அவள் அணியில் அது நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

திரும்ப ஆடுவதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நிபுணரைப் பார்க்கப் போகும் முன்பே அவளிடம் கேட்டுவிடுங்கள். அறுவை வேண்டுமா என்பதே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.