'அடித்தான்' என்று சொன்னது 'அடித்துக்கொண்டோம்' என்று பதிவானால்?

கேள்வி: குரோவேஷியாவில் ஸ்ப்ளிட் நகரத்து உணவகம் ஒன்றில் சமையலறை உதவியாளராக இருக்கிறேன். தலைமைச் சமையல்காரர் என்னைக் கன்னத்தில் அறைந்து முதுகிலும் பல தடவை குத்தினார். போலீசில் நான் ஆங்கிலத்தில் சொல்ல, வேலைக்கு எடுத்த ஏஜென்சிக்காரர் குரோவேஷிய மொழியில் சொன்னார். வாக்குமூலத்தில் 'துக்லி ஸ்மோ ஸெ' என்று இருக்கிறது. இது எனக்கே பாதகம் என்கிறார் கூட வேலை செய்பவர். கையெழுத்தும் போட்டுவிட்டேன். என்ன செய்வது?

பதில்: அவர் சொல்வது சரிதான். அந்த வாக்கியத்துக்கு 'நாங்கள் அடித்துக்கொண்டோம்' என்று பொருள். நீங்கள் சொன்னது 'அவர் என்னை அடித்தார்', அதாவது 'துக்காவோ மெ யெ'. முன்னதில் நீங்களும் சண்டைக்காரர், பின்னதில் அடி வாங்கியவர். பொது இடத்தில் அடிதடியில் இறங்குவது அங்கே பொது ஒழுங்கைக் குலைக்கும் குற்றம், இரண்டு பேருக்குமே அபராதம் வரலாம். சமையலறை பொது இடமா என்பது தனி வாதம், ஆனால் உங்கள் வாயாலேயே சண்டையை ஒப்புக்கொண்டதாகத் தாளில் இருப்பதுதான் இப்போதைய பிரச்சினை.

இலக்கணத்தைப் போட்டுக் குழப்பவில்லை, ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 'ஸெ' நம் 'கொள்' மாதிரி. அடித்தான், அடித்துக்கொண்டோம்; இடித்தான், இடித்துக்கொண்டேன். 'உதாரியோ மெ யெ' என்றால் அவர் என்னை அடித்தார். 'உதாரியோ சாம் ஸெ' என்றால் நானே எதிலோ இடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தால் உங்கள் மருத்துவக் குறிப்பில் அது விபத்தாகிவிடும். தமிழில் நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் உடனே பிடிபடும், நடுவில் ஆங்கிலம் வரும்போதுதான் நழுவுகிறது.

ஆங்கிலத்து 'ஹிட்' ஒரு தடவை அடித்ததா, அடித்துக்கொண்டே இருந்ததா என்று சொல்லாது. குரோவேஷிய மொழி அதைக் கேட்காமல் விடாது: ஒரு அடி என்றால் உதாரியோ, திரும்பத் திரும்ப என்றால் உதாராவோ. 'பீட்' இன்னும் மோசம், ஆட்டத்தில் தோற்கடிப்பதும் அதே சொல்தான். மொபைல் மொழிபெயர்ப்பில் போட்டால் 'அவர் என்னை ஜெயித்தார்' என்றுகூட வந்து நிற்கலாம். கன்னத்தில் விழுந்ததற்கு 'ஓஷமாரியோ' என்று தனிச் சொல்லே இருக்கிறது, அதைக் கேட்டு எழுத வையுங்கள். 'ப்ரெதுக்காவோ' என்ற சொல்லை மட்டும் யாராவது சேர்க்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது ஆளைக் கடுமையாக அடித்துப்போட்டதற்குச் சொல்வது. மருத்துவக் குறிப்பில் சின்னக் காயம் இருந்து வாக்குமூலத்தில் அந்தச் சொல் இருந்தால் மொத்தத்தையும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் ஒரே ஆளைக்கூட மரியாதைக்கு 'அடிச்சாங்க' என்போம், அதையே ஆங்கிலத்தில் 'தே' என்று சொல்லிவிடுவோம், அது 'உதாரிலி சு மெ' என்று பன்மையில் பதிவாகும். கேட்கிறவர் பல பேர் அடித்தார்கள் என்று நினைப்பார். அல்லது யார் என்றே உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பார், ஏனென்றால் பர்ஸை யாரோ அடித்துக்கொண்டு போனாலும் அந்த மொழியில் 'திருடிவிட்டார்கள்' என்று பன்மையில்தான் பேசுவார்கள். நிஜமாகவே ஆள் யாரென்று தெரியாதபோது இந்தப் பன்மைதான் சரி, இருட்டில் பின்னாலிருந்து யாரோ தாக்கினால் தாராளமாகச் சொல்லலாம். உங்கள் விஷயத்தில் ஆள் தெரியும், பெயர் தெரியும், ஒரே ஆள். பெயரைச் சொல்லி, ஒருமையில் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த ஏஜென்சிக்காரர். அவருக்குக் காசு கொடுப்பது உங்கள் முதலாளி. உங்கள் வேலை அனுமதியும் ஒரு குறிப்பிட்ட முதலாளியை வைத்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கும், அந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். வேண்டுமென்றே மாற்றினாரா, அவசரத்தில் விட்டாரா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் 'அவன் அடித்தான்' என்பது 'சண்டை நடந்தது' என்று மழுங்கிப் போவதில் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். ஏஜென்சி ஆள், முதலாளியின் மைத்துனர், ஆங்கிலம் தெரிந்த கணக்காளர், இவர்கள் யாரும் உங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது. உதவிதானே செய்கிறார் என்று கூச்சப்படாதீர்கள். அறைத் தோழர்கூடத் தனியாகப் பேசிப் பார்க்கத்தான் உதவுவார், வாக்குமூலத்துக்கு வேண்டாம்.

கேட்க வேண்டியது 'ஸூத்ஸ்கி துமாச்', முத்திரை வைத்திருக்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழுக்கு ஆள் கிடைப்பது சுலபமில்லை, ஆங்கிலத்துக்குக் கிடைப்பார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் தனக்குப் புரியும் மொழியில் புகார் கொடுக்கலாம், இல்லையென்றால் மொழி உதவி பெறலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு உத்தரவு சொல்கிறது, 2013இல் ஒன்றியத்தில் சேர்ந்த குரோவேஷியாவுக்கும் அது பொருந்தும். இவ்வளவு தெளிவாக எழுதிவைத்துவிட்டு, காவல் நிலையத்தில் பக்கத்தில் நிற்கிறவனைப் பிடித்து மொழிபெயர்க்க வைப்பது எந்த ஊர் நியாயம்? அடிபட்டு வந்து நிற்கிறவன் தன் உரிமையைத் தானே தேடிப் படித்துக் கேட்க வேண்டுமாம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கையெழுத்துப் போட்டதால் கதவு மூடிவிடவில்லை. நாளைக்கே போய், முந்தைய மொழிபெயர்ப்பு தவறு, கூடுதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், மொழிபெயர்த்தவர் யாருடைய ஆள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். எத்தனை அடி, எங்கே, கையாலா முஷ்டியாலா என்று ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக முன்பே எழுதிக்கொண்டு போங்கள். சமையல்காரர் 'உபித் சு தெ' என்று கத்தியிருந்தால், அது 'உன்னைக் கொன்றுவிடுவேன்', கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான் என்று விட்டுவிடாமல் அப்படியே பதியச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் திருப்பி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள், 'ஸெ' வரும் இடத்தில் நிறுத்தி யார் யாரை என்று கேளுங்கள். இன்னும் மருத்துவரிடம் போகவில்லையென்றால் போலீசுக்கு முன்னால் அங்கே போங்கள், முதுகில் கன்றிய இடம் மறைவதற்குள் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.