மைலோ டின் கேள்விகளும் வீடியோ கடைக்காரர் பதில்களும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) கூடும். இந்த மாதம் சொல்லி வைத்த புத்தகத்தை ஒருவரும் படித்துவிட்டு வரவில்லை. சரி, படம் பேசலாம் என்று ஒரு காலி மைலோ டின்னை என் முன்னால் வைத்தார்கள். கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடுவது அவர்கள் பாடு, பதில் என் பாடு. நான் கேசட் காலத்தில் வீடியோ கடை திறந்து விசிடி காலத்தில் மூடியவன். இப்போது புதுப்படம், புதுத்தொடர் எது வந்தாலும் பார்த்துவிட்டு நாலு வரி கிண்டலாக எழுதி நண்பர்களுக்கு அனுப்பாவிட்டால் தூக்கம் வராது. அன்றைக்குச் சொன்னதை, ஞாபகம் இருக்கும் வரை, இங்கே எழுதியிருக்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: நீங்கள் ஏன் மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் போடுவதில்லை?

போட்டால் சண்டை வரும் டீச்சர். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று எங்கள் வீட்டில் பல வருசம் பேச்சு ஓடியது. பரட்டைக்கா, சப்பாணிக்கா என்று தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்.

என்னிடம் இருக்கும் அளவுகோல் வேறு. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். வெட்டு முடிந்து வாளிகள் ஸ்டோருக்கு வந்ததும், மீன்பிடி மிதவை மாதிரி ஒரு கருவியை ரப்பர் பாலில் விடுவார். மெட்ரோலாக் என்று பெயர். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. ரப்பர் அதிகம் இருக்கும் பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர் சேர்ந்த பாலில் மேலே எழும்பி நிற்கும். நல்ல பாலிலேயே ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். மழை நாளில் தண்ணீர் தானாகச் சேரும். சில நாள் மழை இல்லாமலும் சேரும். அப்பா யாரையும் திட்டியதில்லை. குனிந்து கோட்டைப் பார்ப்பார், எண்ணைச் சொல்வார், எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்துத்தான் வெட்டுக்காரர் சம்பளம்.

புதுத்தொடர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மிதவைதான் கண்ணில் நிற்கிறது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற கதை. எட்டு அத்தியாயம் கேட்டு யாரோ ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அப்புறம் என்ன, ஒவ்வோர் அத்தியாயமும் பனிமூட்டத்துக்கு மேல் ட்ரோன் பறப்பதில் தொடங்கும். இன்ஸ்பெக்டர் தூங்கமாட்டார், சாப்பிடமாட்டார், ஜன்னல் ஓரம் நிற்பார். மூன்றாவது முறை அவர் ஜன்னலுக்குப் போனபோது என் மனைவி, “கம்பியில துணி காயப் போட்டிருப்பாரோ?” என்றாள். அன்றைக்கு என் விமர்சனம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

கையெழுத்து புரியவில்லை: தீபாவளிக்கு வந்த படம் எப்போது ஓடிடியில் வரும்?

தமிழ்ப்படங்கள் பலவும் திரைக்கு வந்து நான்கு வாரத்தில் வருகின்றன. அதுவும் சட்டம் இல்லை, ஒப்பந்தம். ‘மாஸ்டர்’ 2021 ஜனவரி 13-இல் திரைக்கு வந்து 29-ஆம் தேதியே வீட்டுக்கு வந்துவிட்டது. பதினாறு நாள். ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் ஒரு தளத்தில் வரும் படம் மலேசியாவில் அதே தளத்தில் வரும் என்று நம்பி சந்தா கட்டாதீர்கள். உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். முதலில் தேடிப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்த பிறகு காசு கட்டுங்கள்.

இரவு ஷிப்ட் தம்பி: நள்ளிரவு 12-க்கு வெளியீடு என்றார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

அது அங்கத்து நள்ளிரவு தம்பி. நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே விடியற்காலை 2.30. பால் வெட்டுக்குப் போகிறவர்கள் எழும்பப் போகிற நேரம். தூங்கு.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கடை போடும் அண்ணன்: டிவி பாக்ஸ் ஒன்று வாங்கினால் எல்லாப் படமும் இலவசம் என்கிறார்களே?

எழுதிய கையோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டியையோ செயலியையோ விற்று வழி செய்து கொடுப்பவருக்குக் குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்), அதிகம் போனால் 200,000 வெள்ளி அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, இரண்டும்கூடக் கிடைக்கலாம். நீங்கள் கடை போடுகிறவர், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கேசட் காலத்தில் நானும் பெரிய யோக்கியன் இல்லை. அதனால்தான் இந்த வியாபாரத்தின் முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கல்லூரி மாணவி: சார், சிரிக்கச் சிரிக்க விமர்சனம் எழுதுவது எப்படி? நான் எழுதினால் திட்டுவது மாதிரி இருக்கிறது.

திட்டுவது சுலபம்மா, அதனால்தான் திட்டு மாதிரி வருகிறது. முதலில் ஒரு விதி: நடிகரின் உடம்பு, நிறம், வயசு, முடி இதில் எதையும் தொடாதே. அது அவர் செய்த தப்பு இல்லை, அதில் சிரிப்பும் இல்லை. படத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்த விஷயம் எதுவோ, அதைப் பிடி.

ஒரு துப்பறியும் தொடர் பார்த்தேன். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கப் புகைப்படம், ஒவ்வொன்றையும் இணைத்து சிவப்பு நூல். “அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்” என்று நான் எழுதியிருக்கலாம், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நிறுத்தி நிறுத்தி அந்த நூலைப் பார்த்தேன். ஒரு நூல் காவல் நிலையத்து நாள்காட்டியில் போய் முடிந்திருந்தது. உடனே எழுதினேன்: “இதுவரை கிடைத்த ஆதாரப்படி குற்றவாளி புதன்கிழமை.” அவ்வளவுதான் வித்தை. கண்ணால் பார்த்ததைச் சொல். கூட்டிச் சொல்லாதே.

இன்னொன்று. நீ சிரிக்கிற படத்தில் நன்றாக இருப்பது ஒன்றாவது இருக்கும். அதையும் நேராகச் சொல்லிவிடு. அந்தத் தொடரில் சமையல்காரப் பாட்டியாக வந்தவர், கத்தியைக் கீழே வைக்காமலே பொய் சொல்லும் ஒரு காட்சி உண்டு. அதற்காக எட்டு அத்தியாயத்தையும் மன்னித்தேன்.

துப்பறியும் தொடர் பற்றி இலவச இணைப்பு: முதல் அத்தியாயத்தில் ஹீரோவுக்கு அன்பாகத் தேநீர் கொடுப்பவர்தான் கொலையாளி. (இதைக் கேட்டு, தே தாரேக் கொண்டுவந்த கடைக்கார அண்ணன் கிளாஸோடு அப்படியே நின்றார்.)

வேறு கையெழுத்து: பொங்கல் படம் எப்போது ஓடிடியில்?

நான்கு வாரம். மேலே பார்க்கவும்.

தாமான் ஆன்ட்டி: வசனம் கேட்கவில்லை என்று சத்தம் கூட்டினால், சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

காது சரியாகத்தான் இருக்கிறது ஆன்ட்டி. படத்தை 5.1 ஒலியில் கலந்திருப்பார்கள். அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். நம் டிவியில் நடு ஸ்பீக்கர் ஏது? படம் ஓடும்போது ஒலி, வசனவரி என்று ஒரு பட்டியல் வரும். அதில் 5.1 என்று இருந்தால் ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். பல தளங்களில் இந்த வசதி உண்டு. டிவியிலேயே இரவு நேர ஒலி அமைப்பு இருந்தால் அதையும் போடுங்கள். நாய்க்கும் நிம்மதி.

மீசை வைத்த தம்பி (பெயர் போட வேண்டாம் என்றார்): அண்ணே, நம்ம ஊர்ப் படத்தையும் இந்தியப் படம் மாதிரியே கலாய்க்கிறீங்க. நாமே ஆதரிக்கலன்னா யார் ஆதரிப்பா?

ஆதரவு என்றால் டிக்கெட். ஈப்போ வரை போய், சொந்தக் காசில், முதல் வாரத்திலேயே பார்க்கிறேன். இங்கே புதுப்படம் பொதுவாக வியாழக்கிழமை திரைக்கு வரும். கூட்டம் இல்லையென்றால் அடுத்த வியாழன் அரங்கைக் காலி செய்துவிடுவார்கள். அதனால் “அப்புறம் பார்க்கலாம்” என்பவர்தான் படத்தைக் கொல்கிறார், கிண்டல் செய்பவர் இல்லை. ஆனால் பார்த்துவிட்டு எழுதும்போது சலுகை கொடுக்கச் சொல்லாதே. சலுகை கொடுத்தால், “நம்ம பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்” என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்தது. தோட்டத்தைவிட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய சனங்களின் கதை. எழுதப் படிக்க வேண்டிய வயதில் சேட்டை செய்யும் ஒரு பையன், அடிக்கும் அப்பா. பெயரே ‘கெட்ட’ என்று பொருள்படும் மலாய்ச் சொல் ‘ஜஹாட்’ நம் வாயில் புரண்டு வந்தது. அந்தப் படத்துக்கு யாரும் சலுகை கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

உடனே ஒரு சீட்டு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: 2016 மலேசியத் திரைப்பட விழாவில் நடந்ததையும் சொல்லுங்கள்.

சொல்கிறேன் ஐயா. மலாய் அல்லாத மொழிப் படங்களுக்குத் தனிப் பிரிவு என்று வைத்தார்கள். நாட்டில் எடுத்த படத்தை மொழி பார்த்துத் தனியாக உட்கார வைப்பதா என்று மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலரும் எதிர்த்தார்கள். பிரிவை மாற்றினார்கள். கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் ‘ஜகாட்’. தனி வரிசை வேண்டாம் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் நாம். விமர்சனத்தில் மட்டும் தனி வரிசை கேட்கலாமா?

இதற்கு மேல் சீட்டு எழுத யாருக்கும் பொறுமை இல்லை. மீசைத் தம்பி, “நாலு பேர் கடன் வாங்கி எடுக்கிற படமும் நாற்பது கோடிப் படமும் ஒண்ணா?” என்றார். “டிக்கெட் விலை ஒண்ணுதானே?” என்றேன். கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தேநீரை எடுத்தேன்.

அப்போது மூலையில் இருந்த அக்கா ஒருவர் வாயைத் திறந்தார். முப்பது வருசம் பால் வெட்டியவர். “தம்பி, உங்கப்பா கருவி தண்ணியைத்தான் காட்டும். மழையைக் காட்டாது.”

ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா குறிப்பேட்டில் மழை நாள் என்று எழுதி வைப்பார் என்றேன்.

“எழுதினாரு. அன்னைக்குக் குறைஞ்ச சம்பளத்தை யார் குடுத்தா?”

கடைக்கார அண்ணன்கூட அடுப்பை விட்டு வந்து நின்றார். தலைமையாசிரியர் அக்கா பக்கம் சாய்ந்தார். ஆசிரியை என் பக்கம். மாணவி இரண்டு பக்கமும் தலையாட்டினார். அரை மணி நேரம் மைலோ டின்னை ஒருவரும் தொடவில்லை. நான் கடைசியில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்: உள்ளூர்ப் படத்துக்கு எழுதும்போது எத்தனை நாளில், எந்த வசதியில் எடுத்தார்கள் என்பது தெரிந்தால் அதை முதல் வரியிலேயே போடுகிறேன். எண்ணை மாற்ற மாட்டேன். அக்கா, “போடு, பார்க்கலாம்” என்றார். ஒத்துக்கொண்ட குரல் இல்லை அது.

யாரோ: ‘கபாலி’ இங்கே ஒரு முடிவு, இந்தியாவில் ஒரு முடிவு என்பது உண்மையா?

உண்மை. அங்கே துப்பாக்கிச் சத்தத்தோடு முடியும், என்ன ஆனது என்று நாமே ஊகிக்க வேண்டும். இங்கே கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். 2016-இல் வந்த படம், கதையைச் சொல்லிவிட்டேன் என்று இப்போது யாரும் கோபப்படக் கூடாது.

பத்து வயதுப் பையனின் அம்மா: தொடரில் போட்டிருக்கும் வயது எண்ணை நம்பலாமா?

திரையரங்குப் படம் என்றால் நம் தணிக்கை வாரியம் பார்த்துக் கொடுத்த வகைப்பாடு அது: யு, பி12, 13, 16, 18. ஓடிடியில் இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை, அந்தந்தத் தளம் தானே போட்டுக்கொள்வது. ஆகவே முதல் அத்தியாயத்தை நீங்கள் தனியாகப் பாருங்கள் அம்மா. பிள்ளைக்கென்று தனிக் கணக்கு திறந்து, உங்கள் கணக்குக்கு ரகசிய எண் போடுங்கள். அவன் பிறந்த வருடத்தை எண்ணாக வைக்காதீர்கள். அவனுக்கு அது தெரியும்.

பாசார் மாலாம் அண்ணன், மறுபடியும்: பெட்டி வேண்டாம். டெலிகிராம் லிங்க்?

200,000 வெள்ளி, அண்ணே.

பச்சை மையில்: சித்திரைப் புத்தாண்டுப் படம் ஓடிடியில்...

நான்கு வாரம்! நான்கு! டின் மேலேயே எழுதி ஒட்டப் போகிறேன்.

இரவு ஷிப்ட் தம்பி: ஒரு தொடரைக் கைபேசியில் பார்த்தால் எவ்வளவு டேட்டா போகும்?

நெட்பிளிக்ஸ் சொல்லும் கணக்கு, சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை. எட்டு அத்தியாயம், ஒன்று 45 நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். எச்டியில் 18 ஜிபி வரை போய்விடும். வேலையிடத்து வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பாய். அதை உன் சூப்பர்வைசரிடம் கேள்.