டின்னில் அடங்காத கிரீன் சில்லி

கேள்வி: நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கியில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு நியூ ஜெர்சிக்குக் குடிவந்தோம். அங்கே பர்கர் முதல் முட்டை வரை எல்லாவற்றிலும் போடுகிற கிரீன் சில்லிக்கு வீடே ஏங்குகிறது. டின்னில் வாங்கினால் புளிப்பும் சப்புமாக இருக்கிறது. பொப்ளானோ என்ற மெக்சிகோ மிளகாயைப் போட்டால் வேறு ருசி. “நம் பச்சை மிளகாயையே போட்டுவிடு” என்கிறார் கணவர். தொட்டியில் வளர்க்கலாமா? வேறு வழி இருக்கிறதா?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு. பச்சை மிளகாய் காரத்துக்காகப் போடுவது. கிரீன் சில்லி காய்கறி. ஒரு பானை ஸ்டூவுக்கு அரைக் கிலோ வரை போகும். அந்த அளவுக்குப் பச்சை மிளகாயைப் போட்டால் அவரே முதல் வாயில் தண்ணீர்ச் சொம்பைத் தேடுவார். உருவத்தில் அதற்கு நெருங்கிய சொந்தம் நம் பஜ்ஜி மிளகாய். ஆனால் அதில் இந்தச் சதைப்பற்று கிடையாது.

நீங்கள் இழந்திருப்பது ஒரு மிளகாய் ரகத்தை மட்டும் அல்ல. ஆகஸ்டு, செப்டம்பரில் ஆல்புகர்க்கியின் கடை வாசல்களில் கம்பிவலைக் கூண்டு சுழலும். கீழே கேஸ் தீ சீறும். காய்களின் தோல் கருகிப் பறக்கும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அந்த வாசம் உள்ளே வந்துவிடும். பாதி ருசி அந்தத் தீயில்தான் இருக்கிறது. டின்காரர்கள் காயைச் சுட்டாலும், கெடாமலிருக்கச் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மூடி, மறுபடி வேகவைக்கிறார்கள். நீங்கள் சொல்லும் புளிப்பும் சப்பும் அங்கிருந்து வருபவை. எந்த நிறுவனத்தின் டின்னுக்கு மாறினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. சுட்டு உறையவைத்து விற்பது எவ்வளவோ மேல். ஆல்புகர்க்கியின் புவேனோ நிறுவனத்தின் ஃபிரோசன் டப்பா உங்கள் ஊர்க் கடையில் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

என் யோசனை, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் உழைப்பது. அறுவடைக் காலத்தில் நியூ மெக்சிகோப் பண்ணைகள் பச்சைக் காயைப் பெட்டியில் போட்டுக் கூரியரில் அனுப்புகின்றன. மற்ற மாநிலங்களிலும் பல சூப்பர் மார்க்கெட்டுகள் அந்தச் சில வாரங்களுக்கு ‘ஹேட்ச்’ என்று எழுதிக் குவித்து வைக்கின்றன. ஹேட்ச் என்பது ரகம் அல்ல, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஊர்ப்பெயருக்கு மதிப்பு கூடியதும் எங்கெங்கோ விளைந்ததற்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டினார்கள். மாநிலத்தில் விளையாததை நியூ மெக்சிகோ சில்லி என்று விற்கக் கூடாதென்று அங்கே 2011-இல் சட்டமே போட்டார்கள். வாங்கும்போது ரகத்தைக் கேளுங்கள். ‘பிக் ஜிம்’ என்றால் நீளமான, சதைப்பற்றான காய், நடுத்தரக் காரம். ‘சாண்டியா’ என்றால் காரம் கூடுதல். ரகப் பெயரே தெரியாமல் விற்கிறவரிடம் நான் பெட்டிக் கணக்கில் வாங்கமாட்டேன்.

இந்த ரகங்களுக்கெல்லாம் மூத்தது ‘நியூ மெக்சிகோ எண் 9’. மெக்சிகோவின் சிவாவாவில் பிறந்து, நியூ மெக்சிகோவின் லாஸ் க்ரூசஸ் வேளாண் கல்லூரியில் ஆய்வாளராக இருந்த ஃபாபியான் கார்சியா 1921-இல் வெளியிட்டது. அதுவரை காய்க்குக் காய் வடிவமும் காரமும் மாறிக்கொண்டிருந்தன. சதைப்பற்றும் வழவழப்பான தோலும் மிதமான காரமுமாக அவர் ஒரு காயை உருவாக்கினார். சுட்டு உரிக்க வாகான உடம்பு!

சுடுவதற்கு வருகிறேன். கூண்டு இல்லையே என்று கவலை வேண்டாம். கொத்சுவுக்குக் கத்திரிக்காய் சுட்ட கை உங்களுக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. காயில் கத்தி முனையால் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். ஓவனில் பிராய்லரை (கோழியல்ல, மேற்கம்பியை) முழுச்சூட்டில் வைத்து, காய்களை ஒரே அடுக்காகப் பரப்பி, பக்கத்துக்கு ஆறிலிருந்து எட்டு நிமிடம். தோல் கொப்புளித்துக் கருக வேண்டும், சதை கருகக் கூடாது. முற்றத்தில் கிரில் இருந்தால் இன்னும் நல்லது. சுட்டதை ஈரத்துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் மூடிவைத்தால் தோல் கழன்றுகொள்ளும். கையுறை போடுங்கள். நான் போடாமல் உரித்த அன்று, மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் இரவு கண்ணைக் கசக்கியபோது அலறினேன்.

எல்லாவற்றையும் அன்றே உரிக்க வேண்டியதில்லை. ஆறியதும் தோலோடு சிறு பைகளில், ஒரு சமையலுக்கு ஒரு பை என்று, தட்டையாக அடுக்கி ஃபிரீசரில் வையுங்கள். உறைந்து இளகும்போது தோல் தானே நழுவும். ஓராண்டு தாங்கும். குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள். சுட்ட வாசம் தண்ணீரோடு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் கண்டிப்பாக. ஊறுகாய் நினைப்பில் சுட்ட சில்லியை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். நம் ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். சுட்ட சில்லியில் இரண்டும் இல்லை. காற்றுப்புகாத எண்ணெய்க்கடியில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரும்.

தொட்டியில் வளர்க்கலாம். லாஸ் க்ரூசஸில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சில்லி பெப்பர் இன்ஸ்டிட்யூட் விதை விற்கிறது. கடைசி உறைபனிக்கு எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் நாற்றுவிடுங்கள். ஆனால் நாலைந்து செடி நாலைந்து வேளைக் குழம்புக்குத்தான் காணும். பகல் வெயிலும் இரவுக் குளிருமான அந்த உலர்ந்த ஹேட்ச் பள்ளத்தாக்கின் காரமும் அப்படியே வராது. ஆசைக்கு வளர்க்கலாம், சமையலுக்கு நம்பியிருக்க முடியாது.

அடுத்த ஆகஸ்டு வரை? அனஹைம் மிளகாய் ஆண்டு முழுவதும் கிடைக்கும். நியூ மெக்சிகோ விதைதான் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சாதுவாகிவிட்டது. ஆறு அனஹைமுக்கு காரமான ஹாலபேன்யோ மிளகாய் இரண்டு சேர்த்துக் கருகச் சுட்டால் ஸ்டூவில் ஓரளவு ஏமாற்றலாம். அதே காய் பழுத்து உலர்ந்ததுதான் ரெட் சில்லி. அது தபாலில் எவ்வளவு தூரமும் கெடாமல் வரும். “ரெட் ஆர் கிரீன்?” என்று அங்கே ஓட்டலில் பரிமாறுகிறவர் கேட்க, “கிறிஸ்துமஸ்” என்று இரண்டையும் கேட்டவர்தானே நீங்கள்? ஒரு பாதியை இன்றே வரவழைத்துவிடலாம்.

பெட்டி வந்ததும் சுடுவதற்கு முன் ஒரு காயை அறுத்து ருசி பாருங்கள். பிக் ஜிம்மில் ஒரு காய் சாதுவாக இருக்கும், அடுத்தது கண்ணில் நீர் வரவழைக்கும். நுனியைக் கடித்துவிட்டுக் காரமில்லை என்று முடிவு செய்யாதீர்கள். காரம் காம்புப் பக்கத்தில், விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் இருக்கட்டும்.